ஆமினாவின் ஐஸ்பழமும் சரிந்த தரையும்

ஆமினாவின் கணவர் வஸீர், மன்னார் ஸ்டேசனில் மீனுக்கு ஐஸ் போடுகிறவர். கொழும்பிலிருந்து வரும் றெயிலில் மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் பாளங்கள் வந்து இறங்கும். வஸீர் அவற்றை உடைத்து, பெட்டிக்குள் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை மீன் என்று அடுக்கி, திரும்பிப் போகும் றெயிலில் கொழும்புக்கே ஏற்றிவிடுவார். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மன்னாரின் மீன்கள் குளிரக் குளிரப் பயணம் போய்க்கொண்டிருந்தன. மன்னாரின் மனிதர்கள் இருந்த இடத்திலேயே வெந்துகொண்டிருந்தார்கள். இதில் அநியாயம் எதுவும் இருப்பதாக வஸீருக்குத் தோன்றியதில்லை. மீன் கெட்டுப்போகும், மனிதர் கெட்டுப்போனாலும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை என்பார்.

காலையிலிருந்து மாலைவரை ஐஸைத் தொட்டே சீவித்தவரின் வீட்டுக்குள் ஒரு துண்டு ஐஸ் வந்தது கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பது கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணிதான்.

வீடு வஸீரின் வாப்பா கட்டியது. அவர் மேசனை நம்பாமல் தன் கண்ணை நம்பித் தரை போட்டவர். அவருடைய கண் கொஞ்சம் மேற்குப் பக்கம் சாய்வு. நடுவீட்டில் ஒரு செம்பு தண்ணீரைக் கவிழ்த்தால் அது மேற்கு வாசலைத் தேடிக்கொண்டு தானாகவே ஓடும். கழுவி விடுவதற்கு இதைவிட வசதி வேறில்லை என்று குடும்பம் சொல்லிக்கொண்டது. விருந்தாளிகள் பண்பானவர்கள், கோப்பையைக் கீழே வைக்கும்போது மட்டும் இரண்டு தரம் பார்த்து வைப்பார்கள்.

ஆமினாவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காரியம் முடியாது என்று யாராவது சொல்லும்வரை அதில் அவருக்கு அக்கறையே பிறக்காது. சொல்லிவிட்டால் பிறகு அவரை நிற்பாட்ட முடியாது. கிணற்றடியில் முருங்கை பிடிக்காது என்றார்கள், அவர் வீட்டு முருங்கை இப்போது கிணற்றையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. கலியாணமாகிப் பல வருசம் பிள்ளை இல்லாமல் இருந்து, இனி இல்லை என்று ஊரே தீர்ப்புச் சொன்ன பிறகுதான் றம்லா பிறந்தாள். ஒரே பிள்ளை. ஆகவே றம்லாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஆமினா போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வந்து எங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அது ஊர் வழக்கமும்தான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

மாப்பிள்ளை றஊப், தெற்கே சிலாவத்துறைப் பிள்ளை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சில காலம் நின்றுவிட்டு, இப்போது மன்னார்க் கடைத்தெருவில் துணி அளக்கிறவர். ஒழுக்கமான பையன், அதுதான் பிரச்சினையாகிப் போயிற்று. மாமி வீட்டில் வைத்ததெல்லாம் வழித்துச் சாப்பிடுவது நல்ல மருமகனுக்கு அழகல்ல. ஆகவே றஊப் பாதியை மிச்சம் விட்டார். மிச்சம் விட்டால் கறியில் குறை என்று அர்த்தம், ஆகவே ஆமினா மறுநாள் இன்னும் ஒரு அகப்பை கூட வைத்தார். கூட வைத்தால் கூட மிச்சம் விட வேண்டும். இரண்டு பக்கத்திலும் மரியாதை நாளுக்கு நாள் வளர, மாப்பிள்ளை நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தார். வீட்டுக் கோழிகள்தான் கொழுத்தன.

மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசும் வழக்கமும் இல்லை. நடுவில் ஒரு சீலை தொங்கும். சீலைக்கு இந்தப் பக்கம் ஆமினா, அந்தப் பக்கம் றஊப், இரண்டுக்கும் நடுவில் தபால்காரியாக றம்லா.

இப்படியிருக்கும்போதுதான் சிலாவத்துறையிலிருந்து விறகு ஏற்றி வந்த வள்ளக்காரன், றஊபின் உம்மா ஆசியா உம்மா சொல்லிவிட்ட சேதியைக் கொண்டுவந்தான். பெருநாளைக்கு வந்த மகனைத் தான் பார்த்ததாகவும், அவனுடைய கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம் போல் இருந்ததாகவும், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் எழும்பியதும் வள்ளத்தில் வந்து, மகனையும் மருமகளையும் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவதாகவும் சேதி. சேதியைச் சொன்ன வள்ளக்காரன் தன் பங்குக்கு, ஆசியா உம்மா சொன்னால் சொன்னதுதான் என்றும் சேர்த்துக்கொண்டான்.

மருமகள் என்றால் றம்லாதான். அன்று ஆமினா உலையில் அரிசியைப் போட்டாரா, உமியைப் போட்டாரா என்று அவருக்கே தெரியாது.

அன்று பின்னேரமே மகளைக் குசினிக்குள் இழுத்து வைத்து விசாரணை நடந்தது. உன்ட மாப்பிள்ளைக்கு என்னதான் விருப்பம், எதைச் செய்து வைத்தால் மிச்சம் விடாமல் சாப்பிடுவார் என்று கேட்டார் ஆமினா. றம்லா நிறைய யோசித்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ஆசையோடு பேசிய சாப்பாடு ஒன்றே ஒன்றுதான் என்றாள். கொழும்பில் ஒரு பெரிய வீட்டுக்குப் புடவை கொண்டுபோனபோது, மாம்பழச் சாற்றைக் குச்சியில் கட்டியாக உறைய வைத்துக் கையில் கொடுத்தார்களாம். ஐஸ்பழமாம். ஐஸும் உப்பும் போட்டுச் செய்வார்களாம். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குப் பல் கூசுமாம்.

வஸீரிடம் கேட்டபோது அவர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்.

"நான் இவ்வளவு காலம் ஐஸோட கிடக்கிறன். ஐஸ்ல வைச்சது குளிரும், கட்டியாகாது. கட்டியாக்கிறதுக்கு மெசின் வேணும். உன்னால ஏலாது, விடு."

அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் வஸீர் தலையில் ஒரு சாக்கு ஐஸ், கையில் மனைவி சொன்ன வேலை என்று இரண்டு சுமையோடு அலைந்தார். வேலை, தகர வேலைக்காரர் சிங்கராசாவிடம். சிங்கராசா குப்பி விளக்குச் செய்கிறவர். வேறெதையும் செய்யத் தெரியாது என்பதல்ல, எதைச் செய்தாலும் கடைசியில் விளக்காக வந்து முடியும். இரண்டு விரல் தடிப்பில், ஒரு சாண் நீளத்தில், அடி மூடிய குழாய்கள் வேண்டும் என்று வஸீர் விளக்கிச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டே தகரத்தை வெட்டினார்.

"வஸீர் நானா, திரிக்கு ஓட்டை பெருசா வைக்கவோ, சின்னனா வைக்கவோ?"

திரி இல்லை, பழச்சாறு என்றார் வஸீர். சிங்கராசா தலையாட்டினார். குழாய்கள் வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றுக்கும் அழகான மூடியும், மூடியின் நடுவில் திரிக்கு ஓட்டையும் இருந்தன. ஆமினா அதைப் பார்த்துத் திட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். குச்சியைச் சாற்றுக்குள் சாயாமல் நிறுத்துவது எப்படி என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். ஓட்டைக்குள் குச்சி அளவெடுத்ததுபோல் நின்றது. சிங்கராசாவின் பிடிவாதத்தில் இப்படியொரு புத்தி ஒளிந்திருந்தது சிங்கராசாவுக்கே தெரியாது.

ஐஸ் மீன் மணத்தது. ஆமினா எதையும் மூன்று தரம் கழுவாமல் குசினிக்குள் விடமாட்டார். ஐஸையும் மூன்று தரம் கழுவினார். கழுவக் கழுவச் சுத்தம் கூடியது, ஐஸ் குறைந்தது. நல்ல சுத்தமாக வந்தபோது ஒரு கைப்பிடிதான் மிச்சம். வஸீர் இன்னொரு சாக்கு எடுத்துவரப் போனார்.

பிறகு உப்பு. இந்தக் கரையில் உப்பை எங்கே போடுவது என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மீனைக் கீறி, குடலை எடுத்து, வயிற்றுக்குள் போட வேண்டும். கெடாமல் இருக்க வேண்டியது எதுவோ அதற்குள்தான் உப்பு. ஆமினா மாம்பழச் சாற்றுக்குள் தாராளமாக ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கி, குழாய்களில் ஊற்றி, ஐஸுக்குள் நட்டு, சாக்கைப் போட்டு மூடினார். பின்னேரம் திறந்தபோது சாறு சாறாகவே இருந்தது. கொஞ்சம் குளிர்ந்திருந்தது என்பது உண்மை.

அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மருமகனுக்கு அனுப்பினார். வழக்கமாகப் பாதி திரும்பி வரும். அன்று ஒரு மிடறு குறைய முழுக்கத் திரும்பி வந்தது.  பிறகு றஊப் தன் மனைவியைப் பார்த்து, இந்தப் பக்கம் கேட்கும் சத்தத்தில் சொன்னார்.

"உப்பு வெளியில போட வேணும் எண்டு மாமியிட்டச் சொல்லு."

"உம்மா, உப்பு வெளியிலயாம்."

"வெளியில எண்டால் எங்க? முத்தத்திலயா எண்டு கேளு."

"ஐஸுக்கு மேலயாம். சாத்துக்குள்ள ஒரு கல்லும் படக் கூடாதாம்."

"ஐஸ்ல உப்புப் பட்டால் உருகிப் போயிடுமே. அது தெரியுமா எண்டு கேளு."

றம்லா கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"உருகத்தானாம் வேணும், உம்மா. அது உருகினால்தானாம் இது உறையும்."

"உன்ட மாப்பிள்ளை கொழும்புக்குப் போய்ப் படிச்சுக்கொண்டு வந்தது இதுதானா எண்டு கேளு. வேணாம், கேக்காத."

ஒன்றை நாசமாக்கித்தான் இன்னொன்றைச் செய்ய வேண்டும் என்பது ஆமினாவுக்குப் பிடிக்கவில்லை. என்றாலும் செய்து பார்த்தார். உப்புக்கு அந்த ஊரில் என்ன பஞ்சம்? வெயிலும் கடலும் சேர்ந்து சேற்றில் விளைவித்த உப்பு முழுவதும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது சட்டம். ஓரத்துச் சேற்றில் ஓசைப்படாமல் அள்ளிக்கொள்வது வழக்கம். சட்டத்தையும் வழக்கத்தையும் ஒரே பானைக்குள் போட்டு வைத்திருந்தார் ஆமினா. அதிலிருந்து அள்ளி ஐஸின் மேல் எறிந்தார். ஐஸ் நெறுநெறுவென்று சத்தம் போட்டது. குழாயின் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூத்தது. அவர் விரலை வைத்தார், விரல் ஒட்டிக்கொண்டது. பின்னேரம் குழாயைத் தண்ணீரில் முக்கிக் குச்சியைப் பிடித்து இழுத்தபோது, மஞ்சளாய், புகைந்துகொண்டு, கட்டையாய் ஒன்று வெளியே வந்தது.

குறை சொல்வதற்கும் ஒன்று இருந்தது. குச்சி வேம்பு. பல் விளக்குவதற்கென்று வெட்டி வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்தது. மாம்பழத்தில் தொடங்கியது பேதி மருந்தில் போய் முடிந்தது. அடுத்த நாள் பூவரசங்குச்சி. அதற்குப் பிறகு குறை இல்லை. றஊப் அனுப்பியதை முழுவதும் சாப்பிட்டுக் குச்சியை மட்டும் திருப்பி அனுப்பினார். மிச்சம் விட்டிருந்தால் அது தானே உருகிக் காணாமல் போயிருக்கும், மரியாதைக்கு இடமே இருக்கவில்லை.

சோளகம் எழும்பியது. வள்ளத்தில் ஆசியா உம்மாவும், அவர் கணவர் ஜமால்தீனும், மகள் சரீபாவும் வந்து இறங்கினார்கள். ஒரு கடகம் பாலைப்பழமும் வந்தது. ஆசியா உம்மா பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய ஒழுங்கு. எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும், யார் முதலில் கை நனைக்க வேண்டும் என்பதில் சிலாவத்துறையில் அவர் சொல்வதுதான் கடைசி. ஜமால்தீன் கேட்டால்தான் பேசுவார். அவரை யாரும் கேட்பதில்லை.

வந்ததும் ஆசியா உம்மா மகனைக் கூப்பிட்டு நிறுத்தி, கழுத்தெலும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு ஆமினாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சாப்பிட்டு எழும்பியதும் பெட்டி கட்டச் சொல்லப் போகிறார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

பகல் சாப்பாடு. ஆண்களுக்குச் சீலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பெண்களுக்கு ஒரு சஹன், அதாவது சுற்றியிருந்து எல்லோரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டம். கடற்காற்று வரும் மேற்கு வாசற்பக்கம் மரியாதைக்குரிய இடம், அதில் ஆசியா உம்மா. எதிரே ஆமினா, இரு பக்கமும் றம்லாவும் சரீபாவும். உப்புக் கிண்ணம் சுற்றி வந்தது, ஆளுக்கொரு சிட்டிகை நாவில் தொட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார்கள். அவரவர் தமக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது, தன் பக்கத்தில் இருப்பதை மிச்சம் விடவும் கூடாது. ஆசியா உம்மா இருந்த இடத்தில் இதை யாரும் மறக்கவில்லை.

சோறு முடிந்ததும் ஆமினா எழும்பிக் குசினிக்குப் போனார். மாம்பழத்தில் கொஞ்சம், விளாம்பழத்தில் கொஞ்சம். ஒரு பங்கை வஸீரிடம் கொடுத்துவிட்டு, மறு பங்கைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, ஆளுக்கொன்றாக நீட்டினார்.

ஆசியா உம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையில நீட்டுறது என்ன பழக்கம், மச்சி? சஹன்ல வையுங்கோ."

சஹன் கழுவித் துடைத்து வந்தது. ஐஸ்பழங்கள் அதில் வட்டமாக அடுக்கப்பட்டன. கை கழுவும் செம்பு மறுபடியும் மூத்தவரிலிருந்து இளையவருக்கு முறைப்படி சுற்றியது. உப்புக் கிண்ணம் நடுவில் வந்து இருந்தது. பிறகு, நீங்கள் முதலில் எடுங்கோ என்றார் ஆமினா. வீட்டுக்காரி எடுக்க வேணும் என்றார் ஆசியா உம்மா. விருந்தாளி இருக்க வீட்டுக்காரி எடுப்பதா என்றார் ஆமினா. அந்த நேரத்தில் மரியாதையை விடவும் முடியவில்லை, ஐஸைப் பிடித்து வைக்கவும் முடியவில்லை.

ஆசியா உம்மாவின் பார்வை சஹனில் நின்றது. ஓரமெல்லாம் ஈரம் கசிந்திருந்தது. கசியத் தொடங்கிய சாப்பாடு இந்தக் கரையில் என்ன சொல்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது தண்ணி விடுது, மச்சி. கெடப் போகுது."

ஆமினா வாயைத் திறப்பதற்குள் ஆசியா உம்மா உப்புக் கிண்ணத்தை எடுத்து, கீறிய மீனுக்குப் போடுகிற கைவாகில், ஒரு கை உப்பை எல்லாவற்றின் மேலும் படும்படி சமமாகத் தூவினார். வேலை சுத்தமாக இருந்தது. ஆமினாவால் கோபப்படக்கூட முடியவில்லை. அதே கை உப்பை அதே யோசனையோடு போட்டவர் அவரும்தான்.

நெறுநெறுவென்று சத்தம் கேட்டது. ஐஸ்பழங்கள் இடுப்பில் உடைந்து, தோளில் சாய்ந்து, குச்சிகளைக் கைவிட்டன. கொஞ்ச நேரத்தில் சஹனில் மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு குளமும், அதில் மிதக்கும் பூவரசங்குச்சிகளும்தான் இருந்தன. பிறகு குளம் நகரத் தொடங்கியது. சோறு இருந்த இடத்தில் இருக்கும், சாறு தரையைக் கேட்டு நடக்கும். ஆமினாவின் பக்கம் வற்றியது, பிள்ளைகளின் பக்கம் வற்றியது. எல்லாம் மேற்கே போய், மரியாதைக்குரிய இடத்தின் முன்னால் தங்கியது.

 சரீபா தன் முன்னால் இருந்த வெறுந் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர் பக்கம் கை போகக் கூடாது. தன் பக்கம் வந்ததை மிச்சம் விடக் கூடாது. இரண்டும் ஆசியா உம்மா தன் வாயால் ஊருக்குச் சொன்னவை. அவர் பெருமூச்சு விட்டு, கையைக் குழித்து, அள்ளி வாயில் விட்டார்.

கண்கள் மூடிக்கொண்டன. தோள் ஒரு தரம் நடுங்கியது. ஆமினாவுக்கு, மகளின் பெட்டி வள்ளத்தில் ஏறுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

ஆசியா உம்மா இரண்டாவது தரம் அள்ளினார். மூன்றாவது தரம் அள்ளும் முன் தலையை நிமிர்த்தினார்.

"கொச்சிக்காய்த் தூள் இருக்கா?"

தூள் வந்தது. மாம்பழத்தை உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிடாத வாய் அந்தக் கரையில் உண்டா? ஆசியா உம்மா சஹனைக் கையால் துடைத்தெடுக்கும்வரை நிறுத்தவில்லை.

சீலைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு வில்லங்கம் இருக்கவில்லை. ஐஸுக்கு மரியாதை தெரியாது, உருகுமுன் தின்னுங்கோ என்று வஸீர் ஆளுக்கொன்றைக் கையில் திணித்திருந்தார். தொழில் பழக்கம். அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

"மாமி, இன்னொண்டு இருக்கா?"

றம்லாவை நடுவில் வைக்காமல், சுவரைப் பார்த்துப் பேசாமல், நேராக மாமி என்று கூப்பிட்டு றஊப் கேட்ட முதல் கேள்வி அது. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டிருக்க வேண்டும், பல் கடிபடும் சத்தம் கேட்டது. ஆமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குசினிக்கு ஓடிப்போய் மிச்சமிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார்.



"என்ட வீட்டில இவன் ஒரு நாளும் இன்னொண்டு எண்டு கேட்டதில்ல," என்றார் ஆசியா உம்மா மெதுவாக. பிறகு குரல் பழையபடி வந்தது. "அதுக்காக விட்டுட்டுப் போக ஏலாது. பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு போறன், மச்சி. நீங்க கிழமைக்கு ஒருக்கா ஐஸை அனுப்பிவிடுங்கோ."

 சீலைக்கு அப்பாலிருந்து வஸீர் இருமினார். சிலாவத்துறைக்கு றெயில் இல்லை, சோளகத்துக்கு எதிராக வள்ளம் போய்ச் சேருவதற்குள் ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் வடிந்து, சாக்குத்தான் வந்து சேரும், வேண்டுமென்றால் சாக்கை அனுப்பலாம் என்றார்.

ஆசியா உம்மா நாவால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே இன்னும் உப்பு இருந்தது. வெளியே சோளகம் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் காத்தில எப்பிடிப் போறது? காத்து மாறட்டும்," என்றார்.

ஜமால்தீனை அதே காற்றில் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் ஆடுகள் இருந்தன. சரீபா வாப்பாவுக்குச் சமைக்கப் போனாள். ஆசியா உம்மா நின்றுவிட்டார்.

மகளை வீட்டில் வைத்திருக்க ஆமினா ஆசைப்பட்டார், அது நிறைவேறியது. சம்பந்தியையும் சேர்த்து வைத்திருக்க அவர் ஆசைப்படவில்லை, அதுவும் நிறைவேறியது. சோளகம் முழுக்க ஆசியா உம்மா குசினி வாசலில் கதிரை போட்டிருந்து, ஐஸை இரண்டு தரம் கழுவினால் போதாதா என்றும், விளாம்பழத்துக்குச் சீனி காணாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பாலைப்பழத்தில் செய்கிற நாளில் மட்டும் பின்னேரம் அமைதியாக இருக்கும். அதன் பால் இரண்டு உதட்டையும் ஒட்டிவிடும். ஆமினா பாலைப்பழத்தில் அடிக்கடி செய்தார். றஊபின் கழுத்தெலும்புக் குழி மெல்ல மூடிக்கொண்டு வந்தது, ஆனால் அதைத் தடவிப் பார்க்க ஆசியா உம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை.

ஐஸ்பழத்தைக் கையில் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். சஹனில் வைக்க வேண்டும், உப்புத் தூவ வேண்டும், எல்லோரும் சுற்றி இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் அவர் இருப்பார். காற்றுக்காக என்றார்.

ஐப்பசியில் காற்றுத் திரும்பியது. மழைக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று வள்ளம் காத்து நின்றது. வாசலில் ஆமினா கண் கலங்கினார், ஏனென்று அவருக்கே விளங்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி ஆசியா உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. படியில் இறங்கியவர் திரும்பி, நடுவீட்டை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தார்.

"அடுத்த சோளகத்துக்கு வாறன், மச்சி. அதுக்குள்ள மேசனைக் கூப்பிட்டு இந்தத் தரையை மட்டும் திருத்திப் போடாதேங்கோ."